மூன்றாம் நம்பர் ஓவன்

என் ஓரகத்தி எனக்கு மேலதிகாரி ஆன அன்று என் மாமியார் வீட்டில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். கூடவே, இந்த வேலைக்கு அவளுக்கு அப்ளிகேஷன் வாங்கிக் கொடுத்ததே நீதானே, அதனால் உனக்கும் இதில் பெருமைதான் என்றார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதை இனிப்போடு சேர்த்துச் செய்யத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான்.

ஓரகத்தி என்றால் என் கணவரின் தம்பி மனைவி. வீட்டில் சின்னவள் என்போம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் விமானப் பணிப்பெண்கள். நான் பதினாலு வருஷமாகப் பறக்கிறேன், அவள் ஆறு வருஷமாக. எங்கள் வேலையில் அடுத்த படி இன்சார்ஜ். கதவை மூடியதிலிருந்து திறக்கும்வரை உள்ளே நடக்கும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அந்த இன்டர்வியூவுக்கு நான் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும், அடுத்த தடவை பார்க்கலாம் என்று சிரித்து அனுப்பினார்கள். சின்னவள் ஒரே முறை போனாள். முடிந்தது.

அதைக்கூட எப்படியோ விழுங்கிவிட்டேன். விழுங்க முடியாமல் தொண்டையில் நின்றது வேறொன்று. எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். அம்மாவின் வேலையை வரைந்து வரச் சொன்னார்கள் பள்ளிக்கூடத்தில். அவள் ஒரு விமானம் வரைந்தாள். முன்னால் மைக்கோடு பெரிதாக ஒரு பெண். பின்னால், வால் பக்கம், வண்டி தள்ளிக்கொண்டு கட்டைவிரல் அளவில் ஒரு பெண். முன்னால் நிற்பது யார் என்று கேட்டேன், தெரிந்துகொண்டே. சித்தி என்றாள். நான் ஏன் இத்தனூண்டு இருக்கிறேன் என்றதற்கு, "நீ தூரமா இருக்கல்லம்மா" என்றாள். டீச்சர் அதற்கு முழு மார்க் போட்டிருந்தார். என்ன செய்வது, படம் சரிதான்.

மூன்றாவது இன்டர்வியூ அந்தத் திங்கட்கிழமை. இந்த முறை இன்சார்ஜ் ஆகியே தீருவது, என் மகளை அந்தப் படத்தைத் திருப்பி வரைய வைப்பது என்று இருந்தேன். வேறு எதுவும் என் தலையில் இல்லை.

அதற்கு முந்தின வியாழக்கிழமைதான் சின்னவளுக்குக் கீழே எனக்கு முதல்முறையாக டியூட்டி விழுந்தது.

இங்கே புதன்கிழமை நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அதே விமானத்தில் நான் முன்பக்க பேன்ட்ரியில் வேலை செய்தேன். அங்கே சாப்பாடு சூடாக்க வரிசையாக மூன்று ஓவன்கள். மூன்றாவதில் டைமர் வேலை செய்யவில்லை. இருபது நிமிஷம் வைத்தால் இருபதில் மணியும் அடிக்கவில்லை, நிற்கவும் இல்லை. யாராவது ஸ்விட்சை அழுத்தும்வரை காய்ந்துகொண்டே இருந்தது. புதன்கிழமை இன்சார்ஜ் எங்கள் எல்லோருக்கும் பழக்கமான மீசைக்காரர். சட்டப்படி அவர் அதைக் கோளாறுப் புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதினால் மெக்கானிக் வருவார், கழற்றுவார், அடுத்த பயணம் தாமதமாகும், எழுதின புண்ணியவான் யார் என்று மேலிடத்திலிருந்து போன் வரும். அதனால் சின்னச் சின்னக் கோளாறுகளை எங்கள் ஆட்கள் எழுத மாட்டார்கள். வாயால் சொல்லி அனுப்புவார்கள். இறங்குகிறவர் ஏறுகிறவருக்குச் சொல்ல வேண்டும். வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடுகிறது. இந்தக் கதவை இழுத்துத் தள்ளு, அந்தக் குழாயைத் திறக்காதே என்று பாதி விமானம் எங்கள் வாயில்தான் பறக்கிறது.

மீசைக்காரர் என்னிடம், "நாளைக்கு இதே ஃப்ளைட்ல நீதான் போறே. வர்ற இன்சார்ஜ்கிட்ட சொல்லிடு, மூணாம் நம்பர கையாலதான் நிறுத்தணும்னு" என்றார். சரி என்று தலையாட்டினேன். வருகிற இன்சார்ஜ் யார் என்று வீட்டுக்குப் போய் டியூட்டிப் பட்டியலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அப்போதும் சொல்வதாகத்தான் இருந்தேன். சத்தியமாக.

வியாழக்கிழமை காலை ஏறுவதற்கு முன் சின்ன அறையில் உட்கார்ந்தோம். சின்னவள், நான், என்னோடு பின்பக்கம் வேலை செய்யும், நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் பையன், சேர்ந்து மூன்று மாதமே ஆன ஒரு பெண். அவளை எல்லோரும் புதுசு என்றுதான் கூப்பிடுவோம். சின்னவள் அவளைத் தன்னோடு முன்பக்கம் போட்டுக்கொண்டாள். என்னைப் பின்பக்கம் அனுப்பினாள். அப்புறம் அவள் என்னைப் பார்த்து மெதுவாக, "அக்கா, ஸ்கார்ஃப் கொஞ்சம் நகர்ந்திருக்கு" என்றாள். நான் சரிசெய்துகொள்வதற்குள் எழுந்து வந்து அவளே முடிச்சைத் திருத்தினாள். புதுசு பார்த்துக்கொண்டிருந்தாள். நெட்டை பார்க்காத மாதிரி இருந்தான். அது இன்னும் மோசம்.

கடைசியில் சின்னவள், வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டாள். என் வாய் திறந்தது, மூடிக்கொண்டது.

நான் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. முன்பக்கம் பன்னிரண்டு சீட்டு. பன்னிரண்டு தட்டு கருகிப்போகட்டும். அந்தச் சீட்டுக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், இறங்கினதும் எழுதிப் போடுவார்கள். புது இன்சார்ஜின் பேரில் ஒரே ஒரு புகார். அவ்வளவுதான். அடுத்த முறை மாமியார் அவளைப் பற்றிப் பெருமை பேசும்போது நான் தலை குனிந்து சாப்பிடலாம், உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு.

கிளம்பி மேலே ஏறி, சீட் பெல்ட் விளக்கு அணைந்தது. பின்பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு தண்ணீரும் ஜூஸும் கொடுத்துக்கொண்டிருந்தேன். கண் முழுக்க முன்பக்கத் திரைச்சீலை மேல்தான். இருபது நிமிஷம் ஆயிற்று. முப்பது ஆயிற்று. ஒருவருக்கு ஆப்பிள் ஜூஸ் கேட்டால் ஆரஞ்சு கொடுத்தேன். இனிமேல் பொறுக்க முடியாது, போய்ப் பார்த்துவிட வேண்டும். நெட்டையிடம், ஐஸ் தீர்ந்துவிட்டது, முன்னால் போய் எடுத்து வருகிறேன் என்றேன். அவன் ஐஸ் பக்கெட்டைப் பார்த்தான். விளிம்புவரை இருந்தது. என் முகத்தைப் பார்த்தான், வண்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அடுத்தவள் வீட்டில் பால் பொங்கி வீணாவதைப் பார்க்கப் போகிறவள் மாதிரி நடந்தேன். சின்னவளும் புதுசும் சீட்டுகளுக்கு நடுவில் குனிந்து கிளாஸ் வைத்துக்கொண்டிருந்தார்கள். திரைக்குப் பின்னால் யாரும் இல்லை. உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறியது கருகின சாப்பாட்டு வாசனை இல்லை. பிளாஸ்டிக்கும் எண்ணெயும் சேர்ந்து எரிகிற நெடி. மூன்றாவது ஓவனின் கதவு இடுக்கில் சாம்பல் நிறத்தில் புகை நூல் நூலாக வந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஆரஞ்சு நிறம் ஆடியது.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. தீயை முதலில் பார்த்தவர்தான் அணைக்க வேண்டும். இரண்டாவதாக வருபவர் கேப்டனுக்குத் தகவல் சொல்ல வேண்டும். மூன்றாவது ஆள் சாமான் எடுத்துத் தர வேண்டும். தீ அணையும்வரை முதல் ஆள் சொல்வதுதான் சட்டம். இன்சார்ஜாவது, மண்ணாங்கட்டியாவது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. இப்போது நான்தான் மேலே என்பதுதான் வந்தது.

ஸ்விட்சை அழுத்தினேன். விளக்கு அணையவில்லை. மறுபடி அழுத்தினேன். நேற்று ஒரே அழுத்தில் நின்ற சாமான் இன்று நிற்கவில்லை. நான் கட்டிக் காத்த கோளாறு ஒரே நாளில் வளர்ந்திருந்தது.

தலைக்கு மேலே, ஒவ்வொரு ஓவனுக்கும் போகிற கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர் பலகை. மூன்றாம் நம்பர் பொத்தானைப் பிடித்து இழுத்தேன். விளக்கு அணைந்தது. தீ அணையவில்லை. திரையை விலக்கிச் சின்னவளைக் கூப்பிட்டேன்.

"மூணாவது ஓவன்ல தீ. கேப்டன்கிட்ட சொல்லு. புதுச சிலிண்டர் எடுத்துட்டு வரச் சொல்லு."

அவள் ஏன், எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. இன்டர்காமை எடுத்தாள். புதுசு தீயணைக்கிற சிலிண்டரும் புகை முகமூடியும் கொண்டு வந்தாள். முகமூடியின் உறையை அவளால் பிரிக்க முடியவில்லை. வாங்கிப் பல்லால் கிழித்து மாட்டிக்கொண்டேன். முதல் வரிசைக்காரர் ஒருவர் திரைக்குள் தலையை நீட்டி, சாப்பாடு எப்போது வரும் என்று கேட்டார். சின்னவள் ஒரு காதில் இன்டர்காமை வைத்துக்கொண்டே அவரிடம் திரும்பி, கொஞ்சம் தாமதமாகும், தயவுசெய்து உட்காருங்கள் என்று சொன்னாள். சினிமா தியேட்டரில் டிக்கெட் இல்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள். அவரும் உட்கார்ந்துவிட்டார். முகமூடிக்குள் மூச்சு முட்டிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் குரலைக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு வராது அது.

ஓவன் தீயில் கதவைத் திறக்கக் கூடாது. காற்று போனால் பற்றிக்கொள்ளும். மூடியே வைத்தால் உள்ளே மூச்சு முட்டி அதுவே அணையப் பார்க்கும். புறங்கையைக் கதவருகே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அப்போது சின்னவள் இன்டர்காமைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, கேப்டன் கேக்கறார். இது முன்னாடியே தெரிஞ்ச கோளாறா, இல்ல வயரிங்ல புதுசா ஏதாவதா?"

முகமூடிக்குள் என் மூச்சு எனக்கே சத்தமாகக் கேட்டது. ஒரு வார்த்தை போதும். டைமர். நேற்றிலிருந்து. சொல்லியிருந்தால் கோளாறு ஒரு ஓவனோடு போயிற்று என்று அவர் புரிந்துகொண்டிருப்பார். சொல்லாவிட்டால் விமானத்தின் சுவருக்குள் எந்த வயர் எரிகிறதோ என்று அவர் நினைத்தாக வேண்டும். நூற்றறுபது பேர் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். என் கண்ணுக்குத் தெரிந்தது திங்கட்கிழமை இன்டர்வியூ மட்டும்தான்.

"தெரியாது" என்றேன்.

அவள் அதை அப்படியே சொன்னாள். பக்கத்தில் இருக்கும் சின்ன விமான நிலையத்தில் இறங்கப் போவதாக கேப்டன் முடிவெடுத்தார்.

புகை குறையவில்லை, கறுத்தது. இனிக் கதவை ஒரு விரல்கடை திறந்து சிலிண்டரின் குழாயை உள்ளே விட வேண்டும். ஒருவர் கதவைப் பிடிக்க வேண்டும், ஒருவர் அடிக்க வேண்டும். புதுசுக்கு இருமல் நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர். சின்னவள் அவளைப் பயணிகளைப் பார்த்துக்கொள்ள வெளியே அனுப்பிவிட்டு, ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வந்து கதவருகே நின்றாள். நான் விரலால் ஒன்று, இரண்டு, மூன்று காட்டினேன். திறந்தாள். உள்ளேயிருந்து அனல் அவள் கை மேல் அடித்தது. சட்டைக் கை சுருங்குவதை நான் பார்த்தேன். அவள் ஒரு சத்தம் போட்டாள், ஆனால் கதவை விடவில்லை. விட்டிருந்தால் அது முழுசாகத் திறந்திருக்கும். சிலிண்டர் காலியாகும்வரை அடித்தேன். உள்ளே எல்லாம் வெள்ளையாயிற்று. கதவைச் சாத்தினாள். அணைந்தது.

பதினெட்டு நிமிஷத்தில் தரையில் இருந்தோம். வெயிலில் தீயணைப்பு வண்டிகள் நின்றன. ஆட்களை இறக்கி ஒரு கூடத்தில் உட்கார வைத்தார்கள். முன்வரிசைக்காரர் போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கி, நீங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்றார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். கையை உருவிக்கொண்டேன்.

காலியான விமானத்தின் முதல் வரிசையில் சின்னவள் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தாள். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கட்டு. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். தாளை என் பக்கம் நகர்த்தினாள். முதல் பக்கம் முழுக்க என்னைப் பற்றித்தான். முதலில் பார்த்தது, பிரேக்கரை இழுத்தது, பதறாமல் அணைத்தது. இதைவிட நல்லதாக நானே எழுதியிருக்க மாட்டேன். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதாமல் விட்டிருந்தாள். கோளாறு முன்பே தெரிந்ததா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். கீழே, தெரிந்திருந்தால் யாருக்கு, ஏன் தெரிவிக்கவில்லை என்று இரண்டு கோடு.

"மீசைக்காரருக்கு போன் பண்ணேன்" என்றாள். "உங்ககிட்ட சொன்னாராம்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். ஸ்கார்ஃபிலிருந்து ஆரம்பித்து இனிப்புவரை எல்லாம் வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை.

"திங்கக்கிழம உங்க இன்டர்வியூ. இல்லன்னு போட்டுடறேன். ஏறினதும் ஓவன சரியா செக் பண்ணாதது என் தப்புன்னு போயிடும். எனக்கு ஒரு வார்னிங் வரும், அவ்வளவுதான். வீட்லயும் யாருக்கும் தெரிய வேணாம்."

சொன்னால் சொன்னபடி செய்கிறவள் அவள். யாரிடமும் சொல்ல மாட்டாள். குத்திக்கூடக் காட்ட மாட்டாள். நான் இன்சார்ஜ் ஆவேன். தினமும் காலையில் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் போட்ட பிச்சையை இன்சார்ஜ் பட்டையாகத் தோளில் குத்திக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன், அவள் எதுவும் சொல்லாமல் எனக்குத் தண்ணீர் எடுத்துத் தருவாள். நினைத்தபோதே உடம்பு எரிந்தது. பதவியில் என்னை முந்தினாள், சரி. குணத்திலும் முந்த வேண்டுமா இவள்?

பேனாவைப் பிடுங்கி "ஆம்" என்ற கட்டத்தில் டிக் போட்டேன். யாருக்கு என்ற இடத்தில் என் ஸ்டாஃப் நம்பரை எழுதினேன். எழுதும்போது உள்ளே ஒரு ஜெயித்த குஷி. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

அவள் தாளைப் பார்த்தாள். ஏன் என்ற இடத்தைக் காட்டி, "மறந்துட்டேன்னு போடுங்கக்கா. வேலைக்கு ஆபத்து வராது" என்றாள்.

அங்கேயும் என்னைக் காப்பாற்ற வந்துவிட்டாள், கையில் கட்டோடு. நான், மறக்கவில்லை, வேண்டுமென்றே சொல்லவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் தாளை மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு கீழே தன் கையெழுத்தையும் போட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, திங்கட்கிழமை இன்டர்வியூ இல்லை, விசாரணை முடியும்வரை டியூட்டியும் இல்லை என்று. அதற்குப் பிறகு வேலை இருக்குமா என்றுகூட யாரும் சொல்லவில்லை. வாசலிலேயே மாமியார் சின்னவளின் கட்டைப் பார்த்துவிட்டுப் பதறினார். சின்னவள் எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னாள். ஓவன், புகை, முகமூடி. அக்காதான் முதலில் பார்த்தார்கள், அக்காதான் அணைத்தார்கள், நான் அவர்கள் சொன்னதைச் செய்தேன் என்றாள். ஒரு பொய்யும் இல்லை. ஆனால் பாதியோடு நிறுத்திவிட்டாள்.

மாமியார் என்னைப் பார்த்த பார்வை கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பார்க்காதது. கணவர் என் தோளில் கை வைத்தார். என் மகள் ஓடி வந்து மடியில் ஏறி உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்ப இன்னிக்கு நீதான் பாஸா? சித்தி நீ சொன்னதக் கேட்டாங்களா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டாள்.

நான் கேட்டது இதைத்தான். இது மட்டும்தான். எல்லாம் கைக்கு வந்துவிட்டது. சின்னவள் சுவரோரமாக நின்று கட்டின் முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருப்பதுதான் அவள் எனக்குக் கொடுப்பது. இதையும் அவள் கையால் வாங்கித்தான் நான் என் பிள்ளையிடம் பெரிய ஆளாக வேண்டுமா?

"அணைச்சது நான்தான்" என்றேன். "அதுக்கு முன்னாடி நடந்ததையும் கேளு."

ஒன்பது வயதுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். ஓவன் கெட்டுப்போனது எனக்கு முதல் நாளே தெரியும், சித்தியிடம் சொல்லச் சொன்னார்கள், சித்திக்குக் கெட்ட பெயர் வரட்டும் என்று நான் சொல்லவில்லை. கேப்டன் கேட்டதற்கும் பொய் சொன்னேன். கணவரின் கை தோளிலிருந்து நழுவியது. மாமியார் திரும்பிச் சின்னவளின் கையைப் பார்த்தார்.

"சித்தி கை சுட்டது உன்னாலயாம்மா?"

"ஆமா."

அவள் என் மடியிலிருந்து இறங்கினாள். நேராகச் சின்னவளிடம் போய் நின்று, அந்தக் கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயைக் குவித்து ஊத ஆரம்பித்தாள். சின்னவள் குனிந்து கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. நியாயம்தான். நான் வாங்கியிருக்க வேண்டியதைவிட இது குறைவுதான். ஆனாலும் அந்தச் சுட்ட கை என்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா என்று என் வயிறு எரிந்தது.